பாறைக்காரியும் தரைக்காரியும்

1959ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலைத் தபாலில் வந்த ஒரு கடிதத்தால்தான் எல்லாம் கெட்டது. கெட்டது என்று கனகம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பேராசிரியர் திருமலைசாமிக்கோ அன்றைக்குத் தீபாவளி.

கோயம்புத்தூரில் அந்தக் கல்லூரியின் பின்வளாகத்தில் நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று உண்டு. செடிக்கூடம் என்பார்கள். மலையிலிருந்து பறித்து வரும் செடிகளைத் தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, தடித்த அட்டையில் தைத்து, மூலையில் பெயர்ச்சீட்டு ஒட்டி, பீரோவில் அடுக்கி வைக்கும் இடம். கனகம் அதன் காப்பாளர். வயது இருபத்துநாலு. திருமலைசாமி அவளுக்கு ஒன்றுவிட்ட மாமா. வீட்டில் மாமா, கல்லூரியில் சார். உறவுக்காரப் பெண் என்று வேலை கொடுத்தாரே தவிர, உறவுக்காரி என்று எதையும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவளுக்கு முன்னால் இருந்த காப்பாளர் இரண்டே இரண்டு சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டார் என்பதற்காக, பதினோரு வருஷ சர்வீஸைப் பார்க்காமல் வெளியே அனுப்பியவர். "செடிக்குச் சீட்டுத்தான் உசுரு. அதுல கை வெச்சவன் கொலைகாரன்" என்று அவள் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார். ஜூலை வரைக்கும் அவளுக்குப் புரொபேஷன்.

கடிதம் கல்கத்தாவிலிருந்து வந்திருந்தது. காட்டுக் காசித்தும்பை வகைகளில் கரைகண்ட ஒருவருக்கு, போன நவம்பரில் ஆனைமலைச் செடிகள் பதினாலு அட்டை அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் எழுதித்தான் அனுப்பியது. அவர் அட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கூடவே எழுதியிருந்தார். இந்தப் பதினாலில் இரண்டு வகை கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. அதில் ஒன்று இதுவரை யாரும் விவரிக்காத புது வகையாக இருக்கலாம். காசித்தும்பைப் பூ அழுத்தினால் கூழாகிவிடும் என்பது தெரிந்ததே, ஆகையால் உலர்ந்ததைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை. பச்சையாக இருக்கும்போது எது எங்கே வளர்ந்தது, எப்படி வித்தியாசப்பட்டது என்று பறித்தவரைக் கேட்டு எழுதவும். கடைசி வரியில், அட்டைகள் மிகச் சுத்தமாகத் தைக்கப்பட்டிருப்பதற்குப் பாராட்டு.

பேராசிரியர் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். "புது வகை கண்ணு! புது வகை! கூப்பிடு அந்த மாசாணத்தை."

மாசாணம் ஒன்பது வருஷமாக அங்கே தினக்கூலி. ஆனைமலைப் பக்கத்துக்காரன். அவன் தகப்பன் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். இவன் மலையேறிச் செடி பறிக்கிறவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பான், இங்கிலீஷ் தெரியாது. ஆடியில் முப்பத்தைந்து முடிகிறது. முடிந்துவிட்டால் பிறகு பெர்மனென்ட் பட்டியலில் பெயரைச் சேர்க்க விதி இடம் கொடுக்காது. ஒவ்வொரு வருஷமும் பேராசிரியர் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, அடுத்த வருஷம் என்பதே இல்லாமல் போகிற வருஷம் இது.

அவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். பேராசிரியர் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டேதானுங்க சார். நான் அன்னைக்கே சொன்னனுங்களே. ஒருத்தி பாறைக்காரிங்க, தண்ணி சொட்டற பாறையில மட்டுந்தான் இருப்பா. இன்னொருத்தி தரைக்காரி, மரத்தடி மண்ணுல. பாக்கறதுக்கு அச்சா ஒண்ணாத்தான் இருக்குமுங்க. பாறைக்காரி பூவோட வாலு நாய்வால் கணக்கா சுருண்டிருக்கும், தரைக்காரிக்கு ஊசி. தண்டைக் கடிச்சா பாறைக்காரி புளிப்புங்க, தரைக்காரி கசப்பு."

"அதெல்லாம் சரியப்பா. இந்தப் பதினாலுல எது எது? அதைச் சொல்லு."

"அதுக்குத்தானுங்க முடிச்சுப் போட்டு உட்டேன். மழையில பென்சில் எழுத்து நிக்கறதில்லீங்க, தாளே கரைஞ்சு போயிருது. அதனால தண்டுல நூலைக் கட்டி, பாறைக்காரிக்கு ஒத்தை முடிச்சு, தரைக்காரிக்கு ரெட்டை முடிச்சு. நூலைப் பாத்தாத் தெரிஞ்சுபோகுமுங்க."

பேராசிரியர் கனகத்தைப் பார்த்தார்.

போன அக்டோபரில், ஈரம் காயாத அந்தக் கட்டு வந்தபோது, ஒவ்வொரு தண்டிலும் அழுக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மலையாள் கட்டுக்கட்ட உபயோகித்த நூல் என்றுதான் அவள் நினைத்தாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்க வேண்டும் அட்டை என்பது சார் வாக்கு. சின்னக் கத்திரிக்கோலால் பதினாலு நூலையும் நறுக்கி, குப்பையைக் கூட்டி அடுப்பில் போட்டாள்; செடிகள் உலர்ந்த பிறகு எல்லாவற்றையும் வெள்ளை நூலால் ஒரே மாதிரி தைத்தாள். அப்போதே ஒரு நூலில் இரண்டு முடிச்சு இருந்ததை அவள் கண் பார்த்தது. கண் பார்த்தது, கை நிற்கவில்லை.

"நூலா?" என்றாள். "முடிச்சு எதுவும் இல்லீங்க சார். வெறும் செடிதான் வந்துச்சு."

சொன்ன பிறகு தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம்.

மாசாணம் அவளைப் பார்த்தான்; பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "போட்டனுங்களே சார்... பதினாலுக்கும் போட்டேனுங்க."

"போட்டே, போட்டே! காத்துல அவுந்து போச்சாக்கும்" என்றார் பேராசிரியர். தீபாவளி பாதியில் நின்றுபோன எரிச்சல் அவர் குரலில் இருந்தது.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் மாசாணம் செடிக்கூடத்தின் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"ஏனுங்க அம்மணி."

"என்ன?"

"தெரியாம அறுத்துப்போட்டீங்களாட்ட இருக்குது. பரவாயில்லீங்க, அறுத்தா என்ன. நீங்க பாத்ததை மட்டும் சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நான் பொய் சொல்லலேன்னு ஆயிருமுங்க. நூல் எதுக்குன்னு உங்ககிட்டச் சொல்லாம வெச்சது என்ற தப்புன்னு நானே சொல்லிக்கறேன்."

அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் கனகத்துக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"யாரைப் பார்த்து அறுத்தேன்னு சொல்றே? உன் சோம்பேறித்தனத்துக்கு நான் ஆளா? இன்னொரு தடவை இந்தப் பேச்சு எடுத்தா, நீ ஜன்னல் பக்கம் வந்து என்னமோ பேசறேன்னு மாமாகிட்டச் சொல்ல வேண்டி வரும்."

அவன் ஓர் அடி பின்னால் போனான். "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்றான். அதற்குப் பிறகு நூல் பற்றி அவன் வாயைத் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை, கடைசி வருஷ மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற நேரத்தில், பேராசிரியர் பதினாலு அட்டைகளையும் நீள மேஜையில் பரப்பச் சொன்னார். பெயர்ச்சீட்டுகளை நியூஸ் பேப்பர் துண்டால் மறைத்தார். மாசாணத்தை உள்ளே கூப்பிட்டார். அவன் அந்த அறைக்குள் வகுப்பு நடக்கும்போது காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

"இவர்தான் நம்ம மலை நிபுணர்" என்றார் பேராசிரியர். பையன்கள் சிரித்தார்கள். "ஒரே வகைன்னு நான் சொன்னேன். ரெண்டுன்னு சொல்றார் இவர். கல்கத்தாக்காரரும் இவர் கட்சி. பிரிச்சுக் காட்டட்டும், பாத்துக்கறோம். மாசாணம், நீ மட்டும் சரியாப் பிரிச்சுப்போட்டேன்னு வெச்சுக்கோ, இந்த வருஷ லிஸ்ட்ல முதல் பேரு உன்றதுதான். என் கையாலயே எழுதறேன்."

மாசாணம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். பூக்களெல்லாம் நசுங்கி, பழுப்புக் கறையாக அட்டையில் ஒட்டியிருந்தன. வால் சுருண்டதா, நேரா என்று அதைப் படைத்தவன் வந்தாலும் சொல்ல முடியாது. பத்து நிமிஷம் பார்த்தான்.

"காஞ்சு போச்சுங்களே சார். பச்சையில நூறு கெடந்தாலும் கண்ணை மூடிட்டுப் பிரிச்சுருவேன். இது..." தயங்கினான். "தண்டு இருக்குதுங்க. நாக்குல வெச்சுப் பாக்கட்டுங்களா?"

"ஏனுங்க, தொட்டுக்க உப்புங்களா, சட்னிங்களா?" என்றான் முதல் பெஞ்சிலிருந்த சீனிவாசலு. அறை முழுக்கச் சிரிப்பு.

பேராசிரியரும் சிரித்தார். "வெச்சுப் பாரு. ஓரத்துல ஒரு நுனி மட்டும் கிள்ளிக்கோ."

கனகம் பீரோவை ஒட்டி நின்றிருந்தாள். அவன் விரல் தண்டுக்குப் போவதைப் பார்த்தாள்.

பூச்சி அரிக்காமல் இருக்கப் பாதரச உப்பை ஸ்பிரிட்டில் கரைத்து, அந்த நீரில் செடிகளை முக்கி எடுத்து அட்டையில் தைப்பது வழக்கம்; நேரமில்லாதபோது தைத்த பிறகு தூரிகையால் பூசுவதும் உண்டு. கொடும் விஷம். கையால் தொடாமல் மர இடுக்கியால் எடுப்பாள். வேலை முடிந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். அதெல்லாம் பின்னறையில் நடக்கும் காரியம். மலையாளான மாசாணத்துக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பதினாலையும் அவள்தான் முக்கினாள். தீபாவளி கழிந்த வாரத்தில், தன் கையால்.

'சார், அதுல மருந்து இருக்குது.' நாலே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் பரீட்சை நின்றுவிடும். நின்றால் பேராசிரியர் வேறு வழி யோசிப்பார். அக்டோபரில் கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்தது யார், கூட்டிய குப்பை எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாக ஆரம்பிப்பார். அவருக்கு அப்படித்தான் புத்தி ஓடும். இவன் இப்போதே இங்கேயே தோற்றுவிட்டால் பேச்சு முடிந்தது.

முதல் தண்டின் நுனியைக் கிள்ளி மாசாணம் நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். இரண்டாவது. மூன்றாவது. முகம் சுளித்தது.

"என்னப்பா, புளிப்பா கசப்பா?"

"ஒரு மாதிரி இருக்குதுங்க... செம்புக்காசை வாயில போட்டாப்பல."

"எட்டணாவா, நாலணாவா?" சீனிவாசலு விடவில்லை.

நான்கு. ஐந்து. அவன் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக மென்று, எச்சிலைக் கூட்டி விழுங்கினான். வாத்தியார் முன்னால் துப்பக் கூடாது என்கிற மரியாதை. கனகம் எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டாவதில் அவன் நெற்றியில் வேர்வை பொடித்தது. பதினொன்றில் மேஜையைப் பிடித்துக்கொண்டான். பதினாலு வரைக்கும் அவன் நிறுத்தவும் இல்லை, அவள் வாய் திறக்கவும் இல்லை.

"எல்லாம் ஒரே ருசியாத்தானுங்க இருக்குது" என்றான் கடைசியில்.

"பாத்துக்கங்கப்பா" என்றார் பேராசிரியர் வகுப்பைப் பார்த்து. "நிபுணரே சொல்லிப்போட்டார், ஒண்ணுன்னு."

பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். மாசாணம் அவர்களைப் பார்த்துக் கும்பிடுபோட்டுவிட்டு வெளியே போனான். செருப்பை மாட்ட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு, வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்ததைக் கனகம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் பேராசிரியருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "ஏன் கண்ணு, அந்தப் பதினாலுக்கும் மருந்து போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். அடுத்த வாரந்தான் போடோணும்."

"நல்லதாப் போச்சு" என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலாம் நாள் மாசாணத்தின் பெண்டாட்டி கருப்பாத்தாள் செடிக்கூடத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். பஸ் மாறி வந்த களைப்பு, இடுப்பில் ஒரு குழந்தை.

"அம்மணி, அவருக்கு வாயெல்லாம் வெந்து கெடக்குதுங்க. தண்ணி எறங்கலீங்க. ரத்தமாப் போகுது. ஆஸ்பத்திரியில எதைத் தின்னாருன்னு கேக்கறாங்க. செடியக் கடிச்சேன்னுதான் சொல்றாரு. அந்தச் செடியில மருந்து கிருந்து ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா? தெரிஞ்சா அதுக்குத் தக்கன வைத்தியம் பாக்கலாம்னு சொல்றாங்க."

கனகம் பசை தடவிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "காஞ்ச தழை. அது என்னம்மா பண்ணும்? வேற எதையாச்சும் குடிச்சிருப்பாரு."

"அவரு குடிக்கறவரு இல்லீங்க அம்மணி."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க."

கருப்பாத்தாள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரிங்க. வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அன்றைக்குப் புருஷன் ஜன்னலோரம் விட்டுப்போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மாசாணம் சாகவில்லை. ஏறக்குறைய நாலு மாதம் படுத்துக் கிடந்தான். ஜூன் பத்தாம் தேதி வேலைக்குத் திரும்பியபோது முன்பற்கள் நாலு இல்லை. ஈறு கறுத்து, கை லேசாக நடுங்கிற்று. பேராசிரியருக்கே பாவமாகப் போய்விட்டது.

"லிஸ்ட் ஜூலை பத்தாந்தேதி போகுதப்பா" என்றார். "மழை பிடிச்சிருக்குது. மேலே போ. ரெண்டும் பச்சையாக் கொண்டா. கனகம் லென்ஸ்ல பார்த்து ரெண்டுன்னு சொன்னா நான் கையெழுத்துப் போட்டுர்றேன். சொன்ன சொல் மாறமாட்டேன்."

அவன் போனான். நடுங்குகிற கையோடு, அட்டைப்பூச்சி கடிக்கிற மழையில், எப்படித்தான் ஏறினானோ. ஜூலை எட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு, நனைந்த சாக்குகள் இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செடிக்கூடத்தின் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"கொண்டாந்துட்டேனுங்க அம்மணி. நல்லவேளை, இப்பவாச்சும் போனேன். அந்தச் சொட்டுப் பாறையை ரோட்டுக்காக வெடி வெச்சுட்டாங்க. அடுத்த பாறை, அதுக்கடுத்த பாறைன்னு பத்து மைல் தேடிப்போட்டேன். வேற எங்கயும் இல்லீங்க. ஒடஞ்ச கல்லுக்கடியில இருந்த இந்த ஏழு செடிதான் மிச்சம்."

எனாமல் தட்டு இரண்டில் செடிகளை எடுத்து வைத்தான். பஸ் குலுக்கலில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தது. தட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் காம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. இளஞ்சிவப்பு, மழைத்துளி இன்னும் காயவில்லை.

"எனக்கு எடஞ் சொல்லத் தெரியுது, ருசி தெரியலீங்க" என்றான். "என்ற நாக்கு செத்துப்போச்சு. சோறு தின்னாலும் செம்புக்காசுதான். நீங்க ஒருக்கா கடிச்சுப் பாருங்க அம்மணி. நான் எடஞ் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

கனகம் லென்ஸை எடுத்தாள். இடது தட்டிலிருந்த பூவின் வால் நாய்க்குட்டியின் வால் போல ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. வலது தட்டிலிருந்ததன் வால் ஊசி. ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். இடது தண்டைக் கிள்ளிக் கடித்தாள். புளித்தது, மாங்காய்ப் பிஞ்சு மாதிரி. வாயைக் கொப்பளித்துவிட்டு வலது தண்டைக் கடித்தாள். கசப்பு தொண்டைவரை இறங்கியது.

அவன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய முகம் புளிப்பைக் காட்டிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தாள்.

அவள் கணக்குப் போட்டது அந்த ஒரு கணந்தான். இரண்டு என்று சொன்னால், இவன் ஆதியிலிருந்தே சரியாகச் சொன்னவன் ஆகிவிடுவான். பிரித்துத் தெரிந்தவன் அடையாளம் வைக்காமல் அனுப்புவானா என்று அடுத்த கேள்வி வரும். முடிச்சு இருந்தது என்று ஆகும். அப்புறம் மருந்து. அவளுடைய நிரந்தர உத்தரவு டைப் அடித்து மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான், மாசாணம்" என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. "நல்லாப் பாத்தீங்களா அம்மணி?"

"பாத்தேன். ருசியும் ஒண்ணு, வாலும் ஒண்ணு. பாறையில வளந்தா கொஞ்சம் சூம்பிப்போகும், அவ்வளவுதான். புஸ்தகத்துலயே இருக்குது."

கொஞ்ச நேரம் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். கண் சொல்வதை நம்புவதா, அவள் சொல்வதை நம்புவதா என்று அவன் தவிப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கடைசியில் தலையை ஆட்டினான்.

"படிச்சவிங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். நான்தான் ஒன்பது வருஷமாத் தப்பாவே நெனச்சுட்டு இருந்திருக்கேன். சார்கிட்ட ஒரு மன்னாப்புக் கேட்டுட்டு வந்துர்றேன்."

பேராசிரியரின் அறை பக்கத்திலேயே இருந்தது. அவன் கேட்டதும், அவர் "ஏண்டா, உன்னால கல்கத்தாக்காரர் வரைக்கும் என் மானம் போச்சேடா" என்று அலுத்துக்கொண்டதும், "அடுத்த வருஷமாச்சுங்..." என்று அவன் இழுத்ததும், "அடுத்த வருஷம் உனக்கு வயசு முப்பத்தாறுடா, எந்தச் சட்டத்துல சேக்கறது?" என்று அவர் கேட்டதும் சுவர் வழியாக அவளுக்குக் கேட்டன. பிறகு அவர் அவளைக் கூப்பிட்டார்.

"நீயே பார்த்துட்டியா கண்ணு? சந்தேகமில்லையே?"

"இல்லீங்க சார். ஒண்ணுதான்."

"அப்ப கல்கத்தாவுக்கு அப்படியே எழுதிரு. இடத்துக்கு இடம் உருவம் கொஞ்சம் மாறும், வகை ஒன்றேன்னு." பட்டியலை எடுத்து, பென்சிலால் எழுதியிருந்த ஒரு பெயரை ரப்பரால் அழித்தார். அழித்த இடத்தை ஊதினார். அடியில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழேயிருந்த அவளுடைய உத்தரவிலும் அதே கையோடு போட்டு அவளிடம் நீட்டினார்.

அவள் செடிக்கூடத்துக்குத் திரும்பியபோது மாசாணம் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்த அடையாளம் தெரிந்தது. ஆனால் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அப்ப நான் கெளம்பறேனுங்க அம்மணி."

"போறப்போ அந்தத் தட்டு ரெண்டையும் குப்பையில கொட்டிட்டுப் போ" என்றாள் கனகம். "கழுவி வெச்சுட்டுப் போ."

"சரிங்க அம்மணி" என்று அவன் இரண்டு தட்டிலிருந்த செடிகளையும் ஒரே கையாக அள்ளினான். அவள் டைப்ரைட்டரில் தாளைச் செருகி, தேதியை அடித்தாள்.